திங்கட்கிழமை வருகிறவள்

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திய தங்கையா சார், ஓய்வு பெற்ற கையோடு மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்தார். ஆட்டிசம் உள்ள இளவட்டங்களுக்கு வேலை பழக்குகிற மையம் அது. அந்தப் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி என்று சாருக்குச் சொல்லிக்கொடுக்கும் குரு நிலோபர் டீச்சர். சாருக்கு மகள் வயசுதான் இருக்கும்.

சார் பொறுப்பில் விட்ட முதல் பிள்ளை செண்பகம். இருபத்தோரு வயசு. சொன்ன சொல்லை அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொள்வாள். சாயங்காலமானால் "போயிட்டு நாளைக்கு வரேன் சார்" என்பாள். சனிக்கிழமை மட்டும் "போயிட்டுத் திங்கக்கிழமை வரேன் சார்."

அவளைத் தனியாகப் பஸ் ஏறப் பழக்க நாலு மாசம் ஆனது. படியில் கால் வைத்ததும் சாரைத் திரும்பிப் பார்ப்பாள். பஸ் கிளம்பிவிடும்.

"ஏறும்போது திரும்பிப் பாக்கக் கூடாது தாயி. முன்னால பாத்து ஏறணும்."

நாளுக்குப் பத்துத் தடவை சொன்னார். ஒருவழியாக ஏறிவிட்டாள். ஆஸ்பத்திரியில் துணி மடிக்கிற வேலையும் கிடைத்தது.

"இம்புட்டுப் பாடுபடுறோம். இந்தப் பிள்ளைக நம்மள நெனச்சுப் பாக்குமா டீச்சர்?" என்று கேட்டார் சார்.

"டீ ஆறுது, குடிங்க சார்" என்றார் டீச்சர்.

மையத்தில் அவளுக்குக் கடைசி நாள், சனிக்கிழமை. செண்பகம் பையை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"போறேன் சார்."

சாருக்குத் திக்கென்றது. "'போறேன்'னு சொல்லக் கூடாதும்மா. 'போயிட்டு வரேன்'னு சொல்லணும்."

"திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குல்ல போகணும்? இங்க எப்ப வரணும்?"

"வர வேண்டாம். சும்மா சொல்லு."

"வராம எப்படி வரேன்னு சொல்றது?"

"அட, எனக்காக ஒரு தடவ சொல்லேன் தாயி!"

வெகுநேரம் தரையையே பார்த்தாள். "போயிட்டுத் திங்கக்கிழமை வரேன் சார்."

பழக்கதோஷம் என்று சார் சிரித்துக்கொண்டார். மனசு குளிர்ந்துபோயிற்று.

திங்கட்கிழமை காலை எட்டரை. ஒன்பதுக்கு அவள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். சாப்பாட்டுப் பையோடு மையத்து வாசலில் நிற்கிறாள்.

"ஐயோ, இங்க ஏன் வந்த? முதல் நாளே பிந்திப் போனா வேணாம்னுருவாங்களே!"

"வரேன்னு சொன்னேன்ல சார்."

"அது சும்மான்னு சொன்னேனே! கிளம்பு, கிளம்பு!"

அவள் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

சார் உள்ளே ஓடினார். "கெடுத்துட்டேன் டீச்சர். நாலு மாசம் பட்ட பாட்டையும் என் வாயாலயே கெடுத்துட்டேன்."

டீச்சர் வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"வரேன்னு சொன்னியே செண்பகம். வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"அப்ப சொன்னது முடிஞ்சுது."

கைகள் காதை விட்டு இறங்கின. "முடிஞ்சுது" என்று எழுந்தாள். சார் முன்னால் வந்து நின்றாள்.

"போறேன் சார்."

"போ தாயி."

ஆஸ்பத்திரி பஸ் எதிரே வந்து நின்றது. ஏறினாள். சார் ஒரு கையைத் தூக்கியபடி நின்றார். பஸ் திருப்பத்தில் மறைந்தது.

"ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கலையே டீச்சர்."

"ஏறும்போது திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு அவளுக்குச் சொன்னது யாரு சார்?"

சார் பஸ் போன திசையைப் பார்த்தார். தூக்கிய கையோடு இன்னொரு கையும் வந்து கும்பிடாகச் சேர்ந்துகொண்டது.