ஆண்சிங்கமும் எலுமிச்சம்பழமும்

பைக், ஷூ, கைக்கடிகாரம் என்று ஆம்பளைகள் ஆசைப்படும் சாமான்களை ஓட்டியும் மாட்டியும் பார்த்து, யூடியூபில் உள்ளதை உள்ளபடி சொல்கிறவன் நாமக்கல் செங்கோடன். அவனை ஒருநாள் கூப்பிட்டனுப்பினார், 'ஆண்சிங்கம்' என்ற புது மின்சார பைக்கை விற்க வந்த முதலாளி பூபதிராஜ்.

"கொல்லிமலையே ஏறுற வண்டி. இப்பவே நேரலையில காட்டு. குறைன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, கேஸ் போட்டு உன் சேனலையே மூடிருவேன்!"

"நான் வாயே திறக்கலைங்க. புது வண்டி, பூஜை போட்டு நீங்களே ஓட்டுங்க" என்றான் செங்கோடன்.

முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாலை போட்டாயிற்று, சந்தனம் வைத்தாயிற்று, கேமராவும் ஓட ஆரம்பித்தது. செங்கோடன் பயபக்தியோடு முன்சக்கரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தான். பூபதிராஜ் மீசையை முறுக்கிவிட்டு ஆக்ஸிலரேட்டரைத் திருகினார். ஆண்சிங்கம் முனகியது. பழத்தின்மேல் பாதி ஏறி, வந்த வழியே பின்னால் உருண்டது. மறுபடி திருகினார், மறுபடியும் அதே கதை. நேரலைத் திரை முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள் பறந்தன.

"படுபாவி, என் மானத்தை வாங்கிட்டியேடா!"

"நான் ஒரு வார்த்தை பேசலையேங்க" என்று கைகட்டி நின்றான் செங்கோடன். "வேணும்னா இதைவிடச் சின்னப் பழமாப் பார்த்து வைக்கட்டுங்களா?"