நின்றது தெரியாத கடிகாரம்

கோயம்புத்தூரில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குரு கோகிலவாணிக்கு வயது முப்பத்திரண்டு. டிராயிங் பிரிவில் இருந்த சீடர் சென்னியப்பனுக்கு ஐம்பத்துநான்கு. வயதைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். தெரிந்தவர் குரு, தெரியாதவர் சீடர், அவ்வளவுதான் கணக்கு.

கம்பெனிக் கணினிகள் எல்லாம் விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறியபோது டிராயிங் பிரிவுக்காரர்கள் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்கள். அவர்களுடைய டிராயிங் சாஃப்ட்வேர் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் கோகிலவாணி அலட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு லினக்ஸ் கணினிக்குள்ளும் ஒரு பொய்க் கணினியை அமைத்து, அதில் விண்டோஸைப் போட்டு, சாஃப்ட்வேரை அதற்குள் ஓடவிட்டார். வி.எம். என்று அதற்குப் பெயர். திரையில் பார்த்தால் ஒரு ஜன்னல். அந்த ஜன்னலுக்குள் தனி ஃபைல்கள், தனிக் குப்பைத்தொட்டி, மூலையில் தனிக் கடிகாரம்.

"உள்ள இருக்கற விண்டோஸுக்கு, தான் இன்னொண்ணுக்குள்ள இருக்கறது தெரியுமுங்களா அம்மிணி?" என்று முதல் நாளே கேட்டார் சென்னியப்பன்.

"தெரிஞ்சு என்னுங்கண்ணா பண்ணப் போகுது?" என்றார் கோகிலவாணி.

அன்றைக்குச் சீடரானவர்தான். வாரத்துக்கு ஒரு கேள்வியாவது கொண்டுபோகாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அந்தப் பிரிவில் ஒரு பழக்கம் இருந்தது. டீ வந்தால் வி.எம்.மை நிறுத்திவைப்பார்கள். பழைய கணினிகள், ஒரே வயிற்றுக்குள் இரண்டு ஓடினால் விசிறி காது கிழியக் கத்தும். ஒரு பட்டனைத் தட்டினால் ஜன்னல் சாம்பல் நிறமாகி அப்படியே உறைந்து நிற்கும். டீ முடிந்ததும் மறுபடி தட்டினால், விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பிக்கும்.

ஒருநாள் காலை டிராயிங் பிரிவில் மற்றவர்கள் எல்லோரும் பட்டறையில் மீட்டிங்குக்குப் போயிருந்தார்கள். சென்னியப்பன் மட்டும் அவசர டிராயிங் ஒன்றை முடிப்பதற்காகத் தன் மூலை மேசையில் இருந்தார். டீ வந்தது. வழக்கம்போல வி.எம்.மை நிறுத்தினார். டம்ளரைக் கையில் எடுத்தார்.

அடுத்து அவருக்குத் தெரிந்தது, டம்ளர் மேசையில் இருந்தது. டீயின் மேல் ஆடை படிந்திருந்தது. கொஞ்சம் சிந்தி, அதுவும் காய்ந்திருந்தது. திரை இருண்டு பூட்டிக்கொண்டிருந்தது. நாக்கின் ஓரம் கடிபட்டதுபோல் எரிந்தது.

பாஸ்வேர்டைத் தட்டினார். லினக்ஸின் மூலையில் மணி பத்தே முக்கால் தாண்டியிருந்தது. டீ வந்தபோது பத்தே கால்கூட ஆகவில்லையே!

அவசரமாக வி.எம்.மை எழுப்பினார். ஜன்னல் நிறம் பெற்றது. உள்ளே இருந்த விண்டோஸ் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே கால் ஆக இன்னும் கொஞ்சம் இருந்தது.

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உள்ளே இருக்கும் கடிகாரம் தன்னோடு சேர்ந்து சாட்சி சொல்கிறது. அப்படியானால் தன்மேல் ஒன்றுமில்லை. இந்த லினக்ஸ்தான் எங்கேயோ தாவிவிட்டது. ஆறின டீயையும் எரியும் நாக்கையும் பற்றி நினைக்காமல் இருக்க அவர் ரொம்பவே பிரயாசைப்பட்டார்.

ஏனென்றால் இது முதல் தடவை இல்லை. போன மாதம் சிங்காநல்லூர் சிக்னலில் சிவப்புக்கு நின்றார். பின்னால் அவர் மனைவி வசந்தாமணி உட்கார்ந்திருந்தாள். ஒண்டிப்புதூரில் தையல் யூனிட்டில் வேலை அவளுக்கு. சாயங்காலம் அவர்தான் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு திருச்சி ரோடு வழியாக வீட்டுக்குப் போவார். அன்றைக்குப் பச்சை விழுந்து, பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்து, திட்டி, சுற்றிக்கொண்டு போய், மறுபடி சிவப்பும் விழுந்துவிட்டது. வசந்தாமணி முதுகில் குத்திய பிறகுதான் அவர் திரும்பினார்.

"கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்கறீங்களா?" என்று அவள் சிரித்தாள்.

அவரும் சிரித்தார். நின்றிருந்தபோது வந்தது ஓடும்போது வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று முழுவதும் அவருக்கு உதறலாகவே இருந்தது. ஆனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. கம்பெனியில் ஆள் குறைப்புப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம்.

நேராகக் கோகிலவாணியின் அறைக்குப் போனார்.

"அம்மிணி, என்ற லினக்ஸ் கடிகாரம் கெட்டுப்போச்சுங்க. அரை மணி நேரம் முன்னால ஓடுது."

கோகிலவாணி தன் போனைப் பார்த்தார். எழுந்து வந்து சென்னியப்பனின் திரையைப் பார்த்தார்.

"சரியாத்தானுங்கண்ணா காட்டுது."

"உங்க போனும் தப்புங்களா?"

"என்ற போனு, சுவத்துக் கடிகாரம், பட்டறைச் சங்கு, எல்லாமே தப்புங்களா?"

சென்னியப்பன் வி.எம். ஜன்னலைச் சுட்டிக் காட்டினார். "இது சரியாக் காட்டுதே! எனக்கு என்ன மணின்னு தோணுதோ, அதேதானுங்க இதுலயும் இருக்குது."

கோகிலவாணி ஜன்னலைப் பார்க்கவில்லை. டீ டம்ளரைப் பார்த்தார். அதில் படிந்திருந்த ஆடையைப் பார்த்தார். பிறகு சென்னியப்பனின் உதட்டோரத்தில் காய்ந்திருந்த எச்சிலைப் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டீ வந்ததும் இதை நிறுத்தினீங்களா?"

"நிறுத்தினேனுங்க."

"மறுபடி நிறுத்துங்க."

அவர் பட்டனைத் தட்டினார். ஜன்னல் சாம்பல் நிறமானது. வெளிக் கடிகாரம் நிமிடங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தது. சென்னியப்பனுக்கு அந்த உறைந்த ஜன்னலைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

"இப்ப எழுப்புங்க."

எழுப்பினார். உள்ளே இருந்த கடிகாரம் துளித் தடுமாற்றம் இல்லாமல், நின்ற அதே நிமிடத்திலிருந்து ஓடியது.

"இது ஏனுங்க தன்னச் சரி பண்ணிக்கறதில்ல?"

"மணி திடீர்னு தாவுனா உங்க டிராயிங் சாஃப்ட்வேர் லைசென்ஸ் போச்சுன்னு மூடிக்கும். அதனால வெளியில பார்த்துத் திருத்திக்கறத நாந்தான் அணைச்சு வெச்சிருக்கறேன். இன்டர்நெட்டும் இதுக்குக் கிடையாது. காலையில முதல்ல போடறப்ப மட்டும் சரியான மணிய எடுத்துக்கும்."

"நடுவுல நின்னது இதுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியாது."

"உள்ள ஏதாச்சும் ஒரு மூலையில?"

"எங்கயுமே தெரியாதுங்கண்ணா. அது பொய் சொல்லல. அதப் பொறுத்தவரைக்கும் நடுவுல ஒண்ணுமே நடக்கல."

சென்னியப்பன் ஆறின டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"அப்ப அதுக்கு எப்பத்தானுங்க தெரிய வரும்?"

"வெளியில இருக்கறவங்க சொன்னா."

"சொன்னா நம்புமுங்களா?"

"நான் சொன்னேன். நீங்க நம்பலையே."

சீடர் தலையைக் குனிந்துகொண்டார். கம்பெனியில் இத்தனை வருஷத்தில் மேலாளர்கள் கத்தியபோதெல்லாம் கலங்காத மனிதர், இப்போது பயம் தாங்காமல் கண் கலங்கினார். சிக்னலில் நடந்ததை எல்லாம் சொன்னார். அதற்கும் முன்பு ஒருநாள் குளியலறையில், தண்ணீர் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருக்க, எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாமல் நின்றதையும் சொன்னார்.

"ஆபீசுல சொல்லிருவீங்களா அம்மிணி? ஆளக் குறைக்கறாங்கன்னு பேச்சா இருக்குது. இது தெரிஞ்சா முதல் பேரு என்றதுதான்."

"ஆபீசப் பத்தி நான் கேக்கலீங்க. சாயங்காலம் எப்படி வீட்டுக்குப் போவீங்க?"

"வண்டியிலதான்."

"தனியாவா?"

"வீட்டுக்காரியக் கூட்டிக்கிட்டு."

கோகிலவாணி அவரையே பார்த்தார். சென்னியப்பன் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

"சாக்கிரதையா ஓட்டுவேனுங்க. மெதுவாப் போவேன். ஓரமாவே போவேன். வர்ற மாதிரி இருந்தா உடனே நிறுத்திருவேன். என்ற ஒடம்பு எனக்குத் தெரியாதுங்களா? நானே என்னக் கவனிச்சுக்குவேன்."

"சரிங்கண்ணா. அப்ப வி.எம்.முக்குள்ள ஒரு அலாரம் வையுங்க."

"எதுக்குங்க?"

"அதுவும் தன்னத் தானே கவனிச்சுக்கட்டும். ரெண்டு நிமிசத்துல அடிக்கற மாதிரி வையுங்க."

வைத்தார். விண்டோஸுக்குள் அலாரம் தயாராக நின்றது. கோகிலவாணி கையை நீட்டிப் பட்டனைத் தட்டினார். ஜன்னல் சாம்பலானது.

"அடிக்கும்போது சொல்லுங்க," என்றார்.

சென்னியப்பன் ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தார். வெளிக் கடிகாரத்தில் ஒரு நிமிடம் போனது. இன்னொன்றும் போனது. சத்தம் வரவில்லை. மூன்றாவது போனது. மின்விசிறியின் முனகல் மட்டும் கேட்டது. அடிக்காது என்று அவருக்குத் தெரியும். இவ்வளவு காலம் கணினியோடு குப்பை கொட்டியவருக்கு இது தெரியாதா? தெரிந்தும், அடித்துவிடாதா என்று ஏங்கினார். ஒரே ஒரு தடவை, உள்ளே இருந்து ஒரு சின்னச் சத்தம் கேட்டால் போதும் என்றிருந்தது.

பட்டறைக்குப் போனவர்கள் மாடிப்படி ஏறிவரும் பேச்சுச் சத்தம் கேட்டது. அப்போதும் ஜன்னல் அப்படியேதான் இருந்தது.

"போதுமுங்க அம்மிணி. எழுப்பிருங்க."

கோகிலவாணி தட்டினார். கடிகாரம் ஓட ஆரம்பித்தது. சிறிது நேரத்தில் அலாரம் கணீரென்று அடித்தது. சென்னியப்பன் திடுக்கிட்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"இப்ப அடிக்குதே!"

"சரியான நேரத்துக்கு அடிச்சுட்டதா அதுக்கு நெனப்பு," என்றார் கோகிலவாணி.

அலாரத்தை நிறுத்தக்கூட அவருக்குக் கை எழவில்லை. கோகிலவாணியே நிறுத்தினார்.

உள்ளே வந்தவர்கள் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். யாரோ மீட்டிங்கைப் பற்றி நக்கலடித்தார்கள். சென்னியப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டாக்டர்கிட்டப் போறனுங்க. நாளைக்கே போறேன்."

"இன்னைக்குப் போங்க. என்ற தம்பி ஆட்டோ ஓட்டறான். வரச் சொல்றேன்."

"வண்டி?"

"இங்கயே நிக்கட்டும்."

"வண்டி இல்லாமப் போனா அவ கேப்பாளே. என்னன்னு சொல்றது? டயர் பஞ்சர்னு சொல்லிக்கட்டுமா?"

"இன்னைக்குப் பஞ்சர். நாளைக்கு?"

சென்னியப்பன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். வசந்தாமணியின் பெயரைத் தேடி எடுத்தார். கட்டைவிரல் அதன்மேல் நின்றது, அழுத்தவில்லை. அவளுடைய சிரிப்பு ஞாபகம் வந்தது. கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறீர்களா என்று கேட்டவள் அவள்தான். அன்று அவள் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், எவ்வளவு நேரம், முகம் எப்படி இருந்தது, எத்தனை முறை கூப்பிட்டேன் என்றெல்லாம். அதைக் கேட்கத்தான் அவருக்குப் பயமாக இருந்தது.

"அம்மிணி, அவ ரொம்பப் பயந்த சுபாவமுங்க. சொன்னா ராத்திரியெல்லாம் தூங்காம என்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. அவளுக்கு எதுக்குங்க அந்தப் பயம்?"

கோகிலவாணி எழுந்து நாற்காலியை அதன் இடத்தில் கொண்டுபோய்ப் போட்டார்.

"பயப்படட்டுங்கண்ணா. வண்டியில பின்னாடி உக்கார்றது அவங்க."