சூனியக்காரிக்கு ஒரு பேர்

இதை எனக்கு முதலில் சொன்னவர் என் மூத்த ஓரகத்தி செங்கமலம் அக்கா. என் பெரியவனுக்கு அம்மை போட்டிருந்த வருஷம். வீட்டில் தாளிக்கக் கூடாது, வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது என்று இருந்த அந்தப் பதினோரு நாளும் எனக்கு அவர்தான் பேச்சுத்துணை. வேப்பங்கொத்தால் குழந்தைக்கு விசிறிக்கொண்டே சொன்னார்.

அக்கா சொன்னபடியே சொல்லப் பார்க்கிறேன். எனக்கே சில இடம் பிடிபடவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

மலையடிவாரத்தில் ஒரு மடம். அதில் ஒரு சாமி. வயது அதிகமில்லை, தாடிகூட நரைக்கவில்லை.

மற்ற மடங்களில் திருநீறு கொடுப்பார்கள். இவர் கதை கொடுப்பார். எல்லாம் மந்திரக் கதை. ராட்சசன், பேசுகிற கிளி, ஏழு கடல். கஷ்டம் என்று வந்தவர்கள் ஒரு கதையை வாங்கிக்கொண்டு போவார்கள். கதைச்சாமி என்று அவருக்குப் பேர்.

ஒரு நாள் உச்சிவேளையில் ஒரு பெண் வந்தாள். பேர் பாவாயி. மூன்று மைல் நடந்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. கும்பிடவும் இல்லை, உட்காரவும் இல்லை.

“சாமி, ஊர்ல இருக்கிற கதையெல்லாம் மாத்திப் போடுங்க” என்றாள்.

“எல்லாத்தையுமா?”

“சித்தி வர்ற கதை எல்லாத்தையும்.”

“ஏன் அம்மா?”

“நான் சித்திங்க.”

சாமி பாயைக் காட்டினார். உட்கார்ந்தாள்.

செங்கோடன் என்கிற வண்டிக்காரனுக்கு அவள் இரண்டாம் தாரம். வாக்கப்பட்டு ஒன்பது மாதம். மூத்தவள் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் விட்டுப்போன பெண்ணுக்கு ஏழு வயது. மயிலாத்தாள்.

“அந்தக் குழந்தை உன்னைத் திட்டுகிறதா?”

“இல்லீங்க.”

“சொன்ன பேச்சைக் கேட்பதில்லையா?”

“கேக்கறா. கூட்டச் சொன்னாக் கூட்டறா. தண்ணி கொண்டான்னாக் கொண்டாறா. சாப்பாட்டுக்கு முன்னாடி காக்காய்க்குச் சோறு வெக்கறா.”

“நல்ல குழந்தையாகத்தானே இருக்கிறது?”

“ஊரும் அதைத்தாங்க சொல்லுது. பெத்தவளுக்குப் படைச்சுட்டுத்தான் சாப்பிடறா, இந்த வயசுல என்ன பக்தின்னு. அவங்கப்பனுக்குக் கண்ணுல தண்ணியே வந்துரும். நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன்.”

“ம்.”

“முந்தாநாள் வறட்டி எடுக்கக் கொல்லைப்பக்கம் போனேன். கூரை மேல ஒரு உருண்டை சோத்தை வெச்சுட்டு நின்னுக்கிட்டிருந்தா. காக்கா வந்து தின்னுச்சு. இவ அதையே பார்த்துக்கிட்டு எண்ணறா. அவளுக்கு இருபது வரைக்குந்தான் எண்ணத் தெரியும். அதனால அதையே திரும்பத் திரும்ப அஞ்சு தடவை எண்ணறா. என்ன கண்ணு எண்ணறேன்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாள்?”

“செத்து விழுதான்னு பார்க்கறேன்னா.”

சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கோவமாக்கூடச் சொல்லலைங்க. மணி என்னன்னு கேட்டாச் சொல்லுவாங்களே, அந்த மாதிரி சொன்னா.”

இந்த இடத்தில் செங்கமலம் அக்கா விசிறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் முருகா என்றேன். வேறென்ன சொல்வது?

“எந்தக் கதையில் வருகிறது அது?” என்று சாமி கேட்டார்.

“வீராயிக்கா கதையிலதான். மத்தியானத்துல நாங்க பத்துப் பேர் உக்காந்து புளி தட்டுவோம். கொட்டை பொறுக்கற குழந்தைகளுக்கு வீராயிக்கா கதை சொல்லும். சித்தி சோத்துல மருந்து வெச்சு மூத்தாள் மகளைச் சுரைக்கொடியா மாத்திருவா. அப்பன் வந்து சுரைக்காயை அறுப்பான். காய் அழும். கடைசியில ராஜா வந்து கொடியைப் பொண்ணாக்கி, சித்தியை எரியற சுண்ணாம்புக் காளவாய்ல தள்ளச் சொல்லுவாரு.”

“நீதி?”

“சித்தி கையால சோறு திங்காதே. இதைச் சொல்லிட்டு வீராயிக்கா என் பக்கம் திரும்பி, ‘உன்னைச் சொல்லலை பாவாயி, கதையைச் சொன்னேன்’னு வேற சொல்லும். எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். அழுதா அதுக்கும் ஒரு பேச்சு வருமில்லைங்களா?”

“காக்காய் எப்படி இருக்கிறது?”

“காக்காய்க்கு என்னங்க கேடு! கொழுத்துப்போய்க் கெடக்குது. புள்ளதான் இளைச்சுப்போச்சு. ஆறின சோறு எவ்வளவு எறங்கும்? மழை பிடிச்சாக் காக்காயும் வராது. அன்னிக்கெல்லாம் வயிறு வலிக்குதுன்னு சொல்லிட்டுப் படுத்துக்குவா.”

பாவாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நல்ல சித்தி வர்ற கதை ஒண்ணு குடுங்க சாமி. அதை வாங்கிக்கிட்டுப் போயிடறேன்.”

சாமி கண்ணை மூடினார். திறந்தார்.

“ஒரு ஊரில் ஒரு சித்தி இருந்தாள்.”

“ம்” என்றாள் பாவாயி.

“ரொம்ப நல்லவள்.”

“ம்.”

சாமி எழுந்து பூச்செடிக்குத் தண்ணீர் விடப் போனார்.

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

“இதென்ன கதைங்க? இதுல நடக்கவே ஒண்ணும் இல்லையே!”

“நீ கேட்டது இதுதானே?”

பாவாயி எழுந்தாள். வெறுங்கையோடு போகிறோமா, எதையாவது வாங்கிக்கொண்டு போகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

*

எட்டாம் நாள் வந்தாள்.

“நீங்க விட்ட இடத்துல நானே மந்திரம் போட்டுக்கிட்டேன் சாமி. சித்தி கையில ஒரு சட்டி. அள்ள அள்ளக் குறையாத சட்டி. புள்ள கேட்டா அதுல பாயசம் வரும், அதிரசம் வரும். அப்புறம் வானத்திலிருந்து ஒரு தேவதை எறங்கி வந்து, ‘இவ ரொம்ப நல்ல சித்தி’ன்னு எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டுப் போகும்.”

சாமி சிரித்துவிட்டார். “தேவதையே வந்தாளா?”

“சாட்சி வேணுமில்லைங்களா?”

“மயிலாத்தாள் ம் கொட்டினாளா?”

அந்தப் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். கதை கேட்கிறவர் ‘ம்’ கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ம் நின்றால் கதையும் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். மீறி மேலே சொன்னால் கதைக்குள் இருக்கிறவர்களுக்கு ஆகாது என்பார்கள். சின்னக் குழந்தைக்குக்கூட இது தெரியும்.

“அதிரசம் வரைக்கும் நல்லாக் கொட்டினா சாமி. நல்ல சித்தின்னு தேவதை வாயைத் தொறந்த இடத்துல நின்னுபோச்சு. எந்திரிச்சு உருண்டையை எடுத்துக்கிட்டுக் கூரைப்பக்கம் போயிட்டா.”

“காக்காய்?”

“தின்னுது, தின்னுது. அது தின்னாம என்ன!”

சாமி கொஞ்ச நேரம் விரலால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“வீராயி கதையில் அந்தச் சித்திக்குப் பேர் என்ன?”

பாவாயி யோசித்தாள். “பேர் கிடையாதுங்க. சித்தி, அவ்வளவுதான்.”

“ராஜாவுக்கு?”

“அவருக்கு இருக்குது. சுரைக்கொடியான பொண்ணுக்கு இருக்குது. கிளிக்குக்கூட ஒரு பேர் இருக்குது. சித்திக்கு யாருங்க பேர் வெக்கறா?”

“நீ வை. உன் பேரை வை.”

“அவ சூனியக்காரிங்க!”

“ஆமாம். அவள் சூனியக்காரியாகவே இருக்கட்டும். வீராயி சொல்கிற கதையை ஒரு எழுத்து மாற்றாமல் சொல்லு. மருந்து, சுரைக்கொடி, காளவாய், எல்லாம். பேர் மட்டும் பாவாயி.”

“நீதியையுமா?”

“கதை முடிந்தால் நீதியும் சொல்லத்தானே வேண்டும்?”

பாவாயிக்குக் கோபம் வந்துவிட்டது. “கதையை மாத்துங்கன்னு வந்தேன். இப்ப என் வாயாலயே என்னைக் காளவாய்ல தள்ளிக்கச் சொல்றீங்க. இதுக்கா மூணு மைல் நடந்தேன்?”

“திரும்பிப் போக இன்னொரு மூன்று மைல் இருக்கிறது” என்றார் சாமி.

போகும்போது வழியெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனாளாம். எதிரே வந்த ஆடு மேய்க்கிறவள் என்ன பாவாயி என்று கேட்டதற்கு, “சாமிக்குப் பைத்தியமா எனக்குப் பைத்தியமான்னு பார்க்கறேன்” என்றாளாம்.

*

பத்து நாள் அவள் வரவில்லை. பதினோராம் நாள் வந்தாள். தலைகூடச் சரியாக முடியவில்லை. வாசலில் நின்றபடியே ஆரம்பித்துவிட்டாள்.

“சாமி, பெரிய குழப்பமாப் போச்சுங்க.”

“உட்கார்.”

“உக்கார நேரமில்லை, புள்ளயைத் தனியா விட்டுட்டு வந்திருக்கேன். நீங்க சொன்னபடி சொல்ல எனக்கு வாய் வரலை. நேத்துத்தான் வந்துச்சு. அவ உருண்டையை எடுத்துக்கிட்டு எந்திரிச்சா. நான் சொன்னேன், ஒரு ஊர்ல ஒரு சித்தி, அவ பேரு பாவாயி, அவ பெரிய சூனியக்காரின்னு. புள்ள திரும்பிப் பார்த்துச்சு. ‘பாவாயின்னா நீதானே?’ன்னா. தெரியலை கண்ணு, கதையில அப்படித்தான் இருக்குன்னேன். சிரிச்சுட்டா சாமி. இந்த ஒன்பது மாசத்துல நான் அந்தப் பல்லைப் பார்த்ததில்லை. முன்பல் ஒண்ணு விழுந்திருக்குது, அதுகூட எனக்குத் தெரியலை.”

“ம்.”

“அப்படியே உக்காந்துட்டா. மருந்து வெக்கிற இடத்துல ம். கொடியா மாத்தற இடத்துல ம். வீராயிக்கா எப்படிச் சொல்லுமோ அப்படியே சொல்றேன். அவ குஷியா ம் கொட்டறா. ராஜா வந்துட்டாரு. கொடி பொண்ணாச்சு. ‘இந்தப் பாவாயியைப் பிடிச்சுக் காளவாய்ல தள்ளுங்கடா’ன்னாரு. ஆளுங்க பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய்க் காளவாய் ஓரத்துல நிறுத்துனாங்க.”

பாவாயி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

“ம் வரலைங்க.”

“வரவில்லையா?”

“வரலை. பார்த்தேன். மறுபடியும் சொன்னேன், காளவாய் ஓரத்துல நிறுத்துனாங்கன்னு. வாயை இறுக்கி மூடிக்கிட்டு என் காலையே பார்த்துக்கிட்டிருக்கறா. அப்புறம், ‘அங்க தரையெல்லாம் சுடுமே, அவ செருப்புப் போட்டிருக்காளா?’ன்னு கேக்கறா.”

“நீ என்ன சொன்னாய்?”

“என்னத்தைச் சொல்றது! வீராயிக்கா கதையில செருப்பே கிடையாது. நானும் எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், அவ செருப்புப் போட்டிருந்தாளா இல்லையான்னு யாரும் சொன்னதில்லை. தெரியலையே கண்ணுன்னேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன அப்புறம்? ம் வராம மேல சொல்லக் கூடாதே. நான் கதையை முடிக்கறதா, விடறதா? நீதி சொல்றதா, வேண்டாமா? அதைக் கேக்கத்தான் ஓடி வந்தேன். நேத்து மத்தியானத்துல இருந்து அந்தப் பாவாயி அங்கயே நிக்கிறா சாமி. தள்ளவும் இல்லை, எறக்கி விடவும் இல்லை.”

“குழந்தை என்ன செய்தது?”

“ஒண்ணும் செய்யலைங்க. தட்டை இழுத்து மடியில வெச்சுக்கிட்டுக் குனிஞ்சுக்கிட்டா. நான் அடுத்த வார்த்தை என்னன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அந்த நேரம் பார்த்து அந்தக் காக்கா வேற. கூரை மேல உக்காந்துக்கிட்டு ஒரே கத்தல். அதுக்கு என்ன கேடோ தெரியலை. கல்லை எடுத்து வீசினேன், போக மாட்டேங்குது. திரும்பத் திரும்ப வந்து, உள்ளே எட்டி எட்டிப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துது. எந்நாளும் இல்லாம...”

பாவாயி நிறுத்தினாள்.

சாமி “ம்” என்றார்.

அவள் தூணை விட்டுக் கையை எடுத்தாள். “நேத்து அதுக்கு யாரும் உருண்டை வெக்கலைங்க” என்றாள்.

*

செங்கமலம் அக்கா அதற்கு மேல் சொல்லவில்லை. அப்புறம் என்ன ஆச்சு, அந்தக் கதையை முடித்தாளா இல்லையா என்று கேட்டேன். எனக்குச் சொன்னவர்களும் இதோடுதான் நிறுத்தினார்கள் என்றார். இத்தனை வருஷமாக நானும் யோசித்துப் பார்க்கிறேன். சில நாள் புரிகிற மாதிரி இருக்கும், சில நாள் இருக்காது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்குச் சாயங்காலம் விளக்கேற்றிக் கும்பிடும்போது, இன்னும் காளவாய் ஓரத்தில் நிற்கிற பாவாயி பேரையும் ஒரு தடவை சொல்லிக்கொள்ளுங்கள்.