ஐந்தாவது பெயர்

"முதலில் மில் கேட்டைப் பூட்டினார்கள். அடுத்து, பூட்டிய கேட்டின் முன்னால் நின்றவர்களைச் சுட்டார்கள். அடுத்து, சுடச் சொன்னவனுக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். அடுத்து…"

"தண்ணி குடிக்கிறீங்களா, ஐயா?" என்று கேட்டார் மனநல மருத்துவர் தஸ்லிமா.

தோழர் அங்கப்பன் கண்ணை மூடித் திறந்தார்.

"முதலில் மில் கேட்டைப் பூட்டினார்கள்" என்று மறுபடியும் ஆரம்பித்தார்.

இம்முறை மருத்துவர் குறுக்கிடவில்லை. சங்கத்தை இரண்டாக உடைத்தார்கள். மில்லை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். எல்லாம் வரிசையாக வந்தது.

"கடைசியாக, என் சொந்தத் தோழர்களே என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்கள்."

"ஏன் பிடுங்கினாங்க?"

அதைச் சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை.

ஒவ்வொரு ஆண்டும் நினைவுத் தூணுக்கு முன்னால், சுடப்பட்டு இறந்த ஐந்து பேரின் பெயர்களை வாசிப்பவர் அவர்தான். விழுந்த வரிசையில் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் வீரவணக்கம் சொல்லும். கொஞ்ச காலமாக, நாலாவது பெயரைத் தாண்டும்போது ஒரு சந்தேகம் வந்து கடிக்கிறது. மூன்றாவது பெயரைச் சொன்னேனா? ஒருவரை விட்டுவிட்டால், அவரை இரண்டாம் முறை கொன்றது போல் ஆகாதா? உடனே முதல் பெயருக்குப் போய்விடுவார். திரும்பத் திரும்பப் போவார்.

முதலில் உணர்ச்சிவசப்படுகிறார் என்று நினைத்துக் கை தட்டினார்கள். போன ஆண்டு இருட்டிவிட்டது. கூட்டம் கலைந்தது. ஐந்தாவதாக விழுந்த குப்பாத்தாளின் தங்கை நஞ்சம்மாள் மட்டும் கடைசிவரை நின்றாள். பிறகு அவளும் பையை எடுத்துக்கொண்டாள்.

"ஏனுங் தோழரே, எனக்குக் கடைசி பஸ் போயிரும். எங்கக்கா பேரு வந்தா சொல்லியனுப்புங்க."

அதற்குப் பிறகுதான் மைக்கைப் பிடுங்கினார்கள். இந்த ஆண்டும் முடிக்காவிட்டால் வேறு ஆள் வாசிப்பார் என்று கமிட்டி சொல்லிவிட்டது.

அங்கப்பன் தன் மூளை ஸ்கேன் படத்தை எடுத்து மேசையில் போட்டார்.

"எங்க கோளாறுன்னு காட்டுங்க."

"இதைப் பார்த்து விரல் வெச்சுச் சொல்ல முடியாதுங்க. முன்மூளைக்கும் அடிமூளைக்கும் நடுவுல செய்தி போய் வர ஒரு பாதை இருக்கு. சொல்லியாச்சு, போதும்ங்கிற செய்தி அதுல போய்ச் சேர மாட்டேங்குது. சந்தேகம் சுத்திக்கிட்டே இருக்கு. பேச்சும் பயிற்சியுமா சரி பண்ணலாம்."

"அப்ப கோளாறு கட்டுமானத்துல. நீங்க பேச்சுல சரி பண்றேங்கறீங்க." அவர் சிரித்தார். களைத்த சிரிப்பு. "அடித்தளத்தை மாத்தாம மேல பேசிக்கிட்டிருந்தா அதுக்குப் பேரு சீர்திருத்தவாதம். வாழ்நாள் பூராப் பேசுனவன் நானு. மில் செவுத்துல ஒரு செங்கல் அசையலீங்க."

மருத்துவர் ஸ்கேன் படத்தை ஓரமாக நகர்த்தினார்.

"கையைக் காட்டுங்க."

காட்டினார்.

"மில்லுல என்ன வேலை?"

"பஞ்சுப் பொதி வண்டி தள்றது."

"காப்புக் காய்ச்சிருக்குமே?"

"கல்லாட்டம் இருக்கும். பீடி நெருப்பை உள்ளங்கையில வெச்சே அணைப்பேன்."

"அதை யாரு உண்டாக்கினது?"

"மேஸ்திரி."

"அடிச்சாரா?"

"அடிக்கிறதா! எம்மேல கை வெச்சுருவானா? 'தள்ளுடா'ம்பான். தள்ளுவேன்."

"அவ்வளவுதானா? வெறும் பேச்சா?"

"பேச்சுதான். தள்ளித் தள்ளிக் காய்ச்சது."

"இப்ப எங்க அந்தக் காப்பு?"

அவர் தன் உள்ளங்கையைக் கட்டைவிரலால் தடவினார். மெத்தென்று இருந்தது.

மருத்துவர் நாற்காலியைத் திருப்பி ஜன்னல் பக்கம் போட்டுக்கொண்டார்.

"பேரு வாசிங்க. மூணாவதுல ஆரம்பிங்க. சந்தேகம் வந்தா வரட்டும், திரும்பிப் போகாதீங்க."

"மொத ரெண்டு பேரு?"

"வேண்டாம்."

"தப்பும்மா!"

"தப்புதான். வாசிங்க."

"பழனியப்பன்" என்றார். "திரும்பி மொதல்ல இருந்து…"

மருத்துவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாரா வாரம் போனார். வாரா வாரம் திட்டினார். "போலீஸ்காரன் தேவலை. அவனாச்சும் அடிச்சுட்டு விட்டுருவான்" என்றார்.

"அடுத்த வாரம் நாலாவதுல ஆரம்பிங்க" என்றார் மருத்துவர்.

நினைவு நாள் வந்தது. மருத்துவர் வரவில்லை. 'என் முகத்தைப் பார்த்து உறுதி தேடுவீங்க, வர மாட்டேன்' என்று முன்பே சொல்லியிருந்தார்.

சின்னமாரன். வீரவணக்கம்.

ராமாத்தாள். வீரவணக்கம்.

பழனியப்பன். வீரவணக்கம்.

ஆரோக்கியம். வீரவணக்கம்.

சந்தேகம் வந்தது. எப்போதும் வருகிற இடத்தில், எப்போதும் வருகிற பலத்தோடு வந்தது. மூன்றாவது பெயரைச் சொன்னேனா?

கூட்டம் காத்திருந்தது. கமிட்டிச் செயலாளர் மைக்கை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார். முன்வரிசையில் நஞ்சம்மாள், பையைத் தோளில் மாட்டியபடி நின்றாள்.

சொன்னேனோ, இல்லையோ.

வியர்த்த உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அங்கப்பன் மைக்கை இறுகப் பிடித்தார்.

"குப்பாத்தாள்."