முந்நூறு வாசலுக்கு வெற்றிலை

பல தலைமுறைக்கு முன்னால் மாவலூரைச் சேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு முடிவு, கஞ்சி குடித்ததும் வேறொரு முடிவு என்று இருக்கிற ராஜா. அவன் கோட்டைக்கு வெளியே முந்நூறு குடும்பங்கள் ஓலைக்குடிசையில் ஒண்டிக் கிடந்தன.

அதில் ஒருத்தி, உப்பு விற்கும் சடைச்சி. தெருவில் ஏமாந்து ஏமாந்தே பேரம் படித்தவள். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. தனக்கென்று ஒரு வாசல், பக்கத்தில் ஒரு கொய்யா மரம். பன்னிரண்டு வருஷமாக உப்புக்கூடையோடு சேர்த்து அந்த மரத்தையும் சுமந்துதான் திரிந்தாள்.

ஒரு நாள் ராஜாவுக்கு மனசு இளகிற்று. நகரப் பணிகளைப் பார்க்கும் பிரதானி மழவராயரைக் கூப்பிட்டு, "இவர்களுக்கு வீடு கட்டும்" என்றான்.

"பெரியேரிக்கு வடக்கே மேட்டுக்காடு சும்மாதானே கிடக்கிறது மகாராஜா. வீட்டுக்கு ஒரு காணி. நடுவில் வீடு, சுற்றிலும் தோட்டம். கண்ணுக்கெட்டிய மட்டும் ஊர். பெயர் மழவராயபுரம் என்று ஜனங்களே வைத்துவிடுவார்கள்."

மேட்டில் வீட்டுக்கு ஒன்றாக முந்நூறு துணிக்கொடிகள் நட்டார்கள். சடைச்சி தன் கொடியைத் தேடி ஓடினாள். இங்கே அடுப்பு, இங்கே வாசல் என்று காலால் அளந்தாள். கொய்யாவுக்கு இடம் பார்த்துச் சருகை விலக்கிக் கையால் தோண்டினாள். மழை விட்டு ஒரு மாதம் ஆகியும் ஒரு சாண் ஆழத்தில் மண் ஈரமாக இருந்தது. இன்னும் ஒரு சாண் தோண்டினாள். தண்ணீர் கசிந்து ஏரிப் பக்கமாக நகர்ந்தது.

சடைச்சி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஊரே குடிக்கிற ஏரிக்குத் தண்ணீர் இங்கிருந்துதான் இறங்குகிறது. இதன்மேல் ஊர் ஏறினால் ஏரி எத்தனை நாளைக்கு? ஏரிக்காகச் சண்டை போட வேண்டியது தன் கொய்யா மரத்தோடு அல்லவா.

மறுநாள் சபையில் போய் நின்றாள்.

"மேட்டுக்காடு வேண்டாம் சாமி. ஏரி வற்றிப்போகும்."

"தோட்டத்தோடு வீடு கொடுத்தால் கசக்கிறதாம் உப்புக்காரிக்கு" என்றார் மழவராயர்.

ராஜாவின் புத்தி அந்தக் கோடிக்குத் தாவிற்று. "அப்படியானால் ஒரே இடத்தில் ஏழடுக்காக அடுக்கிவிடும்."

"ஏழாவது மாடிக்கு யார் சாமி குடம் தூக்குவது? நீங்களா? முந்நூறு வீட்டுக் கழிவும் ஒரே குழியில் இறங்கினால் கிணறு என்ன ஆகும்?"

"பிறகு எப்படித்தான் கட்டுவது?"

"ஆறு வீட்டுக்கு ஒரு முற்றம். கீழே மூன்று, மேலே மூன்று. வெயிலும் விழும், காற்றும் வரும். கோட்டையை ஒட்டிய பழைய செங்கல் சூளைக் களத்திலேயே முந்நூறும் அடங்கும்."

"கோழிக்கூண்டு" என்றார் மழவராயர்.

"கூண்டோ கோபுரமோ, வெற்றிலை வைக்கப் போகிறவர் நீங்கள்தானே ராயரே. இரண்டு இடத்திலும் ஒத்திகை பார்ப்போமா?" என்றாள் சடைச்சி.

ராயர் முகம் கறுத்தது. அவர் மறந்தே போயிருந்தார். மாவலூரில் புது ஊர் எழும்பினால், பிரதானி விடிந்ததிலிருந்து அந்திக்குள் ஒவ்வொரு வாசலுக்கும் நடந்தே போய் வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிட வேண்டும். ஒரு வாசல் விட்டாலும் ஊர் செல்லாது.

ராஜா கை தட்டினான். "நல்ல வேடிக்கை. நாளைக்கே."

சூளைக் களத்தில் கம்புக்கு இரண்டு கொடி, கீழ்வீட்டுக்கு ஒன்று, மேல்வீட்டுக்கு ஒன்று. உச்சிப்பொழுதுக்குள் முந்நூறும் முடித்து ராயர் ஒரு தூக்கமும் போட்டார்.

மறுநாள் மேட்டுக்காடு. முன்னால் ராயர், பின்னால் மேளக்காரர், வெற்றிலை வண்டி, தண்ணீர் வண்டி, எல்லோருக்கும் பின்னால் குதிரையில் ராஜா. நூறாவது கொடியில் ராயரின் செருப்பு அறுந்தது. நூற்று அறுபத்திரண்டாவது கொடியில் பொழுது சாய, அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"மிச்சம் பேர் இங்கே வந்து வாங்கிக்கொள்ளட்டும்."

ராஜா குதிரை மேல் குலுங்கிச் சிரித்தான்.

"சிரிக்காதீர்கள் சாமி" என்றாள் சடைச்சி. "இது ஒரு நாள் நடை. முந்நூறு குடும்பமும் கிணற்றுக்கும் சந்தைக்கும் தினம் நடந்தால்? அத்தனை வண்டியும் உருண்டால்?"

அவள் பேசி முடிப்பதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கால் படாத இடத்தில் மண் மழையை ஓசையில்லாமல் குடித்தது. வண்டிச் சக்கரம் இறுக்கிய தடத்தில் தண்ணீர் இறங்கவே இல்லை. சிவப்பாகத் திரண்டு ஏரியைப் பார்த்து ஓடிற்று. ராஜா கீழே இறங்கி ஒரு கை அள்ளினான். விரலிடுக்கில் சேறு வழிந்தது. அவன் சிரிப்பு நின்றது.

"சூளைக் களத்திலேயே கட்டுங்கள். ராயரே, இந்தக் கொடிகளை நீரே நடந்து பிடுங்கும். இறுகிய தடத்தையும் நீரே கொத்தி விடும். புது ஊருக்கு உம் பெயர் கிடையாது." பிறகு சடைச்சியிடம் திரும்பினான். "உனக்கு மட்டும் இங்கே ஒரு காணி. ஒரு வீட்டால் ஏரி வற்றாது. எடுத்துக்கொள்."

சடைச்சியின் கொடி நாலு எட்டில் நனைந்து நின்றது. போய் அதன் கம்பைப் பிடித்தாள். கொய்யாவுக்குத் தோண்டிய குழியைக் காலால் தள்ளி மூடினாள்.

"வேண்டாம் சாமி" என்றாள் கடைசியில். "எனக்குக் கொடுத்தால் அடுத்து ராயர் கேட்பார். அப்புறம் அவர் மச்சான்."

"வேறு என்ன வேண்டும்?"

"வடக்குப் பார்த்த மேல்வீடு ஒன்று. அப்புறம், அந்தக் கொடித்துணி."

ஊர் எழும்பிற்று. ஏரியும் வற்றவில்லை. சடைச்சி கொடித்துணியைச் சன்னலுக்குத் திரையாகத் தைத்துக்கொண்டாள். கொய்யாக் காலம் வந்தால் சந்தையில் தினம் ஒரே ஒரு பழம் வாங்குவாள், அதற்கும் பேரம் பேசித்தான். திரையை விலக்கி மேட்டுக்காட்டைப் பார்த்தபடி தின்பாள்.

"என்ன அக்கா, தினம் அப்படி என்னதான் பார்க்கிறாய்?" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

"என் மரம் இந்நேரம் காய்த்திருக்கும்" என்பாள் சடைச்சி.