மூன்று மருதப்பன்களும் ஒரு பாட்டும்

நெடுமணல் நாட்டை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்த காலம் அது. நல்ல ராஜாதான். கோபம் வந்த வேகத்திலேயே போய்விடும். ஆனால் அது இருக்கிற கொஞ்ச நேரத்தில் யாராவது எதிரே அகப்பட்டால் தீர்ந்தது. அவருக்கு ஒரே ஆசை, பாடுவது. விடிந்ததும் மேல்மாடத்தில் நின்று தொண்டையைத் திறந்தாரென்றால் வெயில் ஏறும்வரை மூடமாட்டார். பிரமாதம் என்று அரண்மனையில் எல்லோரும் சொல்லிவைத்திருந்தார்கள்.

ஒரு தடவை அந்தத் தொண்டை கட்டிக்கொண்டது. மருதப்பன் என்கிற வைத்தியர் ஒன்பது நாள் கஷாயம் கொடுத்துக் குணப்படுத்தினார். ராஜா மனம் குளிர்ந்து, சபையில் தன் வலப்பக்கத்து ஆசனத்தை அவருக்குக் கொடுத்துவிட்டார். அதுவரை அதில் உட்கார்ந்திருந்தவர் அவைப்புலவர் சூடாமணி. அவர் இரண்டாம் வரிசைக்குப் போனார்.

ஒரு மாதம் போயிருக்கும். ராஜா குதிரையில் வீதிவலம் போனபோது, ஒரு வீட்டு முற்றத்தில் நெல் குத்துகிற பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்:

“காலையிலே ராசா பாடக் கறவைமாடு கயிறறுக்கும்,
மாலையிலே ராசா பாடக் குயில்கூட மலையேறும்,
மருதப்பன் சொன்ன பேச்சு மாறாது கேளுங்கடி!”

யார் கொண்டுவந்த பாட்டென்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ஊரே பாடிக்கொண்டிருந்தது. ராஜா குதிரையை அப்படியே திருப்பிச் சபைக்கு வந்தார்.

“யார் அந்த மருதப்பன்? அவன் நாக்கை அறுக்காமல் சாப்பிடமாட்டேன்!”

சூடாமணிப் புலவர் எழுந்தார். “மகாராஜா, சொல்லவே நா கூசுகிறது. மருதப்பன் உங்கள் வலப்பக்கத்திலேயே இருக்கிறாரே!”

மந்திரி திருமலைக்கொழுந்து நிதானமாகக் குறுக்கிட்டார்.

“ஊரில் பேர்பெற்ற மருதப்பன்கள் இன்னும் இரண்டு பேர் உண்டு மகாராஜா. மல்யுத்தத்தில் தோற்காத மருதப்பன் ஒருவர். நம் கோயில் பெரிய மணியை வார்த்த மருதப்பன் இன்னொருவர். பாட்டில் வெறும் பேர்தானே இருக்கிறது?”

“சரி, மூன்று பேரையும் நிறுத்துங்கள். பொழுது சாய்வதற்குள் ஒருவன் ஒத்துக்கொள்ளாவிட்டால் மூன்று நாக்கும் போகும்!”

மூவரையும் ஆயுதசாலைப் பக்கத்து அறையில் அடைத்தார்கள். மந்திரி பேசிப்பார்க்கப் போனபோது உள்ளே ஒரே வாக்குவாதம்.

“நான்தான் பாடினேன் என்று சொல்லிவிடுகிறேன்” என்றார் மல்லர். “மல்லுக்கட்டுகிறவனுக்கு நாக்கு எதற்கு? நீங்கள் பேசாமல் போனால் நோயாளிக்குப் பத்தியம் யார் சொல்வது?”

“செய்யாததைச் செய்தேன் என்பீரா? நான் விடமாட்டேன்” என்றார் வைத்தியர்.

மணி வார்ப்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எனக்குப் பாட்டே சரியாகத் தெரியாதய்யா. கேட்டதே இன்றைக்குத்தான்.”

இவர்களில் யாருமில்லை என்பது மந்திரிக்குத் தெளிவாகிவிட்டது. கதவருகே நின்று பாட்டை இரண்டு தடவை முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு நேரே சபைக்குப் போனார்.

“மகாராஜா, பாட்டை அலசிப்பார்த்தேன். கட்டியவன் அரைகுறை. ‘மாலையிலே’ என்று தொடங்கிவிட்டுக் ‘குயில்’ என்கிறான். மோனைகூடத் தெரியவில்லை.”

இரண்டாம் வரிசையில் ஓர் ஆசனம் கிரீச்சிட்டது.

“அது மயில்!” என்றார் சூடாமணி. “‘மயில்கூட மலையேறும்.’ ஊரார் வாயில் குயிலாகிவிட்டது. படித்தவனுக்கு இது கூடவா தெரியாது?”

“உண்மைதான் புலவரே, படித்தவருக்குத் தெரியும். ஆனால் மூன்றே அடியோடு பாட்டு நொண்டுகிறதே, அதற்கு என்ன சொல்வீர்? நாலாவது அடிக்குச் சரக்கில்லாமல் ஓடிப்போயிருக்கிறான். இவனெல்லாம் ஒரு பாட்டுக்காரன்! மாடு மேய்க்கிறவன்கூட நாலடி கட்டுவான்.”

“யாருக்கு ஐயா சரக்கில்லை?” புலவர் துள்ளி எழுந்தார். “அந்த முண்டங்கள் மூன்றாவது அடியை விழுங்கிவிட்டார்கள்! ‘சோலையிலே ராசா பாடச் சுரைக்காயும் கசந்துபோகும்’ என்று எவ்வளவு அழகாக நான்...”

அந்த ‘நான்’ சபை நடுவில் நின்றது. புலவர் மெதுவாக உட்காரப் பார்த்தார்.

“மகாராஜா,” என்றார் மந்திரி, “ஊரில் ஒருவர் வாயிலும் இல்லாத அடி இவரிடம் இருக்கிறது. ஆசனம் போன ஆத்திரத்தில் வைத்தியர் பேரைப் போட்டு உலவவிட்டிருக்கிறார். அந்தப் பேரில் மூன்று பேர் இருப்பார்கள் என்று யோசிக்கவில்லை.”

புலவர் தரையில் விழுந்தார். ராஜா வாளைத் தொட்டார். ஆனால் மந்திரி சொல்லியனுப்பியபடி மூன்று மருதப்பன்களையும் காவலர்கள் அதற்குள் சபைக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்ததும் ராஜாவுக்கு வேறொரு கேள்வி முளைத்தது.

“நீங்கள் நிஜத்தைச் சொல்லுங்கள். நான் பாடுவது அப்படியா இருக்கிறது?”

வைத்தியர் தரையைப் பார்த்தார். மல்லர் கூரையைப் பார்த்தார். மணி வார்ப்பவர்தான் கைகூப்பிக்கொண்டு சொன்னார்: “மகாராஜா, மணியில் கீறல் விழுந்தால் வார்த்தவன் காதுக்குத்தான் தெரியும். மணிக்குத் தெரியாதுங்க.”

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

“புலவரே, உம் நாக்கு உம்மிடமே இருக்கட்டும். நாளை முதல் ஒரு மண்டலம் தெருத்தெருவாகப் போய் நாலடியையும் பாடும். மருதப்பன் பேரை எடுத்துவிட்டு உம் பேரைப் போட்டுப் பாடவேண்டும்.”

“சூடாமணி என்று போட்டால் மோனை இடிக்குமே, மகாராஜா!” என்று அலறினார் புலவர்.

“இடிக்கட்டும்.”

மூன்று மருதப்பன்களையும் ஒரே யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டார் ராஜா. மல்லர் நடுவில் உட்கார்ந்ததால் மற்ற இருவரும் விளிம்பைப் பிடித்துக்கொண்டே போனார்களாம். அந்த வருஷம் ஊரில் பிறந்த ஆண்குழந்தைகளில் பாதிப்பேருக்கு மருதப்பன் என்றே பெயர் விழுந்தது. இன்றைக்கும் நெடுமணல் கடைவீதியில் நின்று “மருதப்பா!” என்று கூப்பிட்டுப் பாருங்கள், தையற்காரர், தட்டார், வண்டிக்காரர் என்று ஒரு கூட்டமே “என்ன?” என்று திரும்பும்.