தலைக்கு மேலே உட்கார்ந்தது யார்?

செம்பாறை நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை வல்லபராயன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். நல்ல ராஜாதான், ஒரே ஒரு கிறுக்குதான் அவனுக்கு: தன் தலைக்கு மேலே எதுவும் உட்காரக் கூடாது!

அரண்மனை மணியக்காரர் வீரபாகுவுக்கு இது போதாதா? "கொலுமண்டபத்தின் கூரையடிச் சாளரத்தில் புறாக்கள் உட்காருகின்றன மன்னா, தங்கள் தலைக்கு மேலே!" என்று பற்ற வைத்தார். அந்த மேல் சாளரங்கள் எல்லாவற்றுக்கும் பலகை அடிக்க உத்தரவாயிற்று.

கத்திரி வெயில் வந்தது. கொலுமண்டபம் வெந்தது. வீரபாகு நாற்பது விசிறிக்காரர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர்களில் மாயழகு என்பவன் புழுக்கம் தாங்காமல் மயங்கி விழ, விசிறி ராஜாவின் மடியில் போய் விழுந்தது.

"நூறு கசையடி!" என்றார் வீரபாகு. ராஜாவும் தலையாட்டிவிட்டான்.

மாயழகின் பெண்டாட்டி ஒச்சம்மா சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவள். நேரே சபைக்கு வந்தாள்.

"நூறு அடி வாங்கினா அவரு பிழைக்க மாட்டாரு மகாராசா. ஒரு நாள் குடுங்க, மண்டபத்தைக் குளிர வைக்கிறேன். முடியலன்னா எனக்கும் நூறு அடிங்க."

வீரபாகு விழுந்து விழுந்து சிரித்தார். "நாற்பது விசிறிக்கு அடங்காத வெக்கை உன் சுண்ணாம்புச் சட்டிக்கு அடங்குமோ?"

"அடங்குகிறதா என்று பார்ப்போம்" என்றான் ராஜா.

ஒச்சம்மா மொட்டைமாடி முழுக்க வெள்ளை அடித்தாள். கீழ்ச் சன்னல்களில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தாள். விசிறிக்காரர்களை வெளியே அனுப்பினாள். "நாப்பது உடம்பும் நாப்பது அடுப்புய்யா, போங்க!" பலகைகளை மட்டும் தொடவில்லை. ராஜ உத்தரவாயிற்றே.

மறுநாள் உச்சிவேளை. ராஜா வந்து உட்கார்ந்தான். "வாசனை நன்றாக இருக்கிறது. ஆனால் வேர்க்கிறதே!"

"எடுத்து வா கசையை!" என்று துள்ளினார் வீரபாகு.

"கொஞ்சம் பொறுங்க. மகாராசா, இந்த ஏணியில ஒருதரம் ஏறிப் பாருங்க" என்று தன் ஏணியைக் கூரையடிச் சாளரத்தருகே சாய்த்தாள் ஒச்சம்மா.

ராஜாவுக்கு வேடிக்கையாக இருந்தது, ஏறினான். பாதி ஏணியில் கிரீடத்தைக் கழற்றினான். கூரையை எட்டியதும், "அப்பாடி! இங்கே மனிதன் இருப்பானா? உலை மாதிரி கொதிக்கிறதே!" என்று கத்தினான்.

"உங்க தலைக்கு மேல புறா உட்காரக் கூடாதுன்னு துரத்தினாரு மணியக்காரரு. அந்த இடத்துல வெக்கையை உட்கார வச்சுட்டாரு. சூடு மேலதான் ஏறும். அது வெளியே போற வழியிலதான் ஆணி அடிச்சிருக்கு."

ராஜா தன் கையாலேயே முதல் பலகையைப் பிடுங்கி எறிந்தான். மற்றதை ஆட்கள் பிடுங்கினார்கள். மேலே வெக்கை வெளியேற, கீழே ஈரத் தட்டி வழியாகக் குளிர்ந்த காற்று நுழைந்தது. ஏணியிலிருந்து இறங்கி வந்த ராஜா ஆகா என்று கால் நீட்டினான்.

மாயழகு தப்பினான். ஒச்சம்மா மணியக்காரி ஆனாள். வீரபாகுவுக்குத் தட்டிக்குத் தண்ணீர் தெளிக்கும் வேலை.

நாலாம் நாள் ஒரு புறா திரும்பி வந்து சாளரத்தில் உட்கார்ந்தது. சொத்தென்று கிரீடத்தில் எச்சம் விழுந்தது.

ராஜா மேலே பார்த்தான். பிறகு கிரீடத்தைக் கழற்றி நீட்டினான்.

"வீரபாகு, அந்த ஈரக் கையோடு இதையும் துடைத்துவிடும்."